விளக்கை அணைத்தவள்

கவிதை ஒன்றின் மொழியையும் உணர்வையும் ஆராய்ந்து வீட்டில் கட்டுரை எழுதி வரச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் ‘இக்கவிதையில் சோகம் இழையோடுகிறது’ என்றே தொடங்கியிருக்கிறார்கள். எல்லாம் போனில் கேட்டு வாங்கிய ஒரே பதில். கோபம்கூட வரவில்லை, கழுத்துதான் வலிக்கிறது. பேனாவை மூடினேன். ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது.

அந்த ஈர வேர்க்கடலை வாசனை வந்தால் எனக்கு சம்ஷாத் ஞாபகம்தான். செஞ்சியில் மல்லாட்டை மண்டி ஒன்றின் மாடியில் டுடோரியல் நடந்தது. அங்கே நாங்கள் இருவரும் தமிழ் டீச்சர்கள். மாதிரிக் கட்டுரை எழுதுவது என் வேலை. சோகத்தை நானும் தாராளமாக இழையோட விடுவேன், பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

பட்டணத்துக்கு வேலைக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி ஒரு கவிதை பாடத்தில் இருந்தது. விளக்கு அணைவது அவள் துயரத்தைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தேன். சம்ஷாத் படித்துவிட்டு, “இன்னாடி எழுதி வெச்சிருக்கிற? ‘அணைந்தது’ன்னா இருக்குது? ‘அணைத்தேன்’னு இருக்குது. விளக்கு தானா அணையல. அவளே அணைச்சிட்டா. இனிமே காத்திருக்க மாட்டா” என்றாள்.

அன்று சாயங்காலம் வகுப்பிலும் அதையே சொன்னாள். ‘அணைத்தேன்’ என்றதும் கடைசி பெஞ்சில் வேறு அர்த்தத்தில் சிரிப்பு. அது அடங்கியதும் மேல்மலையனூர்ப் பெண் ஒருத்தி எழுந்தாள். அதுவரை வாயே திறக்காதவள். “எங்கம்மா இப்டிதான் மிஸ். நைனா வுட்டுட்டுப் போனதுலேர்ந்து அழுவறதே இல்ல. பொழுது போனா கதவ சாத்திடும்.”

சம்ஷாத் கட்டுரையைப் புதிதாக எழுதினாள். டுடோரியல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “டென்ஷன் பண்ணாதம்மா. திருத்தறவன் சோகத்துக்குதான் மார்க் போடுவான்.”

“அழாத பொம்பளைய அழுதான்னு எப்டி சார் எழுதறது?”

என் கட்டுரைதான் அச்சாகிப் பிள்ளைகளிடம் போனது. அந்த மாதக் கடைசியில் சம்ஷாத் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, இருந்துவிட்டேன்.

போன வருஷம் திண்டிவனம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தேன். ஏதோ அரசாங்க ஆபீஸில் வேலையாம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டுடோரியல் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர்க் கடை என்றேன். “அப்டியா” என்றாள்.

“இப்பவும் கவிதை படிக்கிறியாடி?”

“எங்க? பைலு படிச்சே கண்ணு எரியுது.”

“ஒரு சொல்லுக்காக டுடோரியல் சார்கிட்ட அவ்ளோ சண்டை போட்டியே, அந்தக் கவிதை...”

“எந்தக் கவிதை?”

முதல் வரியைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பாடப்புத்தகத்திலிருந்தும் அதை எடுத்து வெகுகாலமாகிறது. நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டே நின்றோம். பஸ் வந்ததும் அவள் ஓடிப்போய் சீட் பிடித்தாள்.