எட்டு நாள் சொந்தக்காரன்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். படித்த பிள்ளை, எல்லாவற்றையும் எழுத்துத் தமிழில்தான் போடுவாளாம். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். தம்பியை ‘அவர்’ என்று எழுதட்டா என்றும் கேட்டாள். ஊருக்கு அவர் ‘அவர்’தான். இடுப்பில் தூக்கித் திரிந்த எனக்கு அவன் ‘அவன்’தான். முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற நீங்கள் அழுதுகொண்டு படிக்க வேண்டாம். என் தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

தம்பி பிறந்தது கரவெட்டியில், மூன்று பெட்டைப் பிள்ளைகளுக்குப் பிறகு. பிடிவாதம் பிறவியிலேயே வந்தது. ஏழு வயதில் பல் பிடுங்கக் கொண்டுபோன இடத்தில், “ஐயா, நீங்கள் பிடிச்சிருக்கிறது வேற பல்லு” என்று டாக்குத்தரோடு சண்டை பிடித்தான். அவர் வாயை மூடச் சொன்னார். இவன் மூடியேவிட்டான், பிறகு திறக்கவே இல்லை. கடைசியில் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

பிரச்சினைக் காலத்தில் நாலு இடம் மாறி, கொழும்பு லொட்ஜில் கிடந்து, கனடா வந்து சேர்ந்தான். பிளேட் கழுவினான், விடியப் பேப்பர் போட்டான், பக்டரியில் பெட்டி கட்டினான். பிறகுதான் பாதர்ஸ்ட் வீதியில் ஒரு யூதக் கோயிலில் பராமரிப்பு வேலை கிடைத்தது. அப்போது நான் ஊரில். போனில், “அக்கா, கோயில்லை வேலை கிடைச்சிட்டுது” என்றான். எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை. கனடா வந்த ஒருவரிடம் திருநீறும் சந்தனமும் கொடுத்தனுப்பினேன். அதைக் கொட்டாமல் தன் சாமான் அறையில், விளக்குமாறுகளுக்கு மேல் தட்டில் வைத்திருந்தான். நான் இங்கே வந்து பார்த்த பிறகுதான் என் பிழை எனக்கே தெரிந்தது.

அந்தக் கோயிலின் குருவை றபாய் என்பார்கள். தம்பி வீட்டில் அவரை ஐயர் என்றுதான் சொல்லுவான். நானும் ஒரு முறை வடை சுட்டுக்கொண்டு போனேன். குசினிக்குப் பொறுப்பான ரோஸ் என்கிற அம்மா, என்னைவிட மூத்தவள், வாசலிலேயே கையை நீட்டி மறித்துவிட்டாள். வெளியில் சமைத்தது அந்தக் குசினிக்குள் போகக்கூடாதாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தம்பி சிரித்தான்.

“அக்கா, எங்கடை மடப்பள்ளிக்குள்ளை ஆரும் மீன்குழம்பு கொண்டுபோனா நீங்கள் விடுவியளோ?”

“வடையும் மீன்குழம்பும் ஒண்டோடா?”

“அவவுக்கு ஒண்டுதான்.”

வடையைக் காருக்குள் இருந்தபடி நாங்களே தின்றோம். அன்றைக்கே ரோஸை எனக்குப் பிடித்துவிட்டது. விடாப்பிடியான ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அந்தச் சனத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. கோயில் நிலவறையில், இல்லாதவர்களுக்கென்று வருசம் முழுக்கச் சாப்பாட்டுச் சாமான் சேர்ப்பார்கள். பெட்டி கட்டி, காரில் கொண்டுபோய் வாசல் படலையில் வைத்து, மணியை அடித்துவிட்டு, கதவு திறக்க முதல் போய்விட வேண்டும். வாங்குகிறவரின் முகத்தைக் கொடுக்கிறவர் பார்க்கக்கூடாது. பெயரை ஒருவருக்கும் சொல்லக்கூடாது. தம்பி கன வருசம் அந்தப் பெட்டிகளை ஓட்டிக்கொண்டு போனான். எந்த வீடு என்று நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பல்லு டாக்குத்தரிடம் மூடின வாய்தான்.

இனி அந்தப் பெருநாள் கதைக்கு வருகிறேன். பாஸோவர் என்று அவர்களுக்கு எட்டு நாள் பெருநாள் உண்டு. அந்த எட்டு நாளும் கோதுமை மா, அதில் செய்த பாண், பிஸ்கற், நூடில்ஸ் ஒன்றும் தின்னக்கூடாது. தின்னாமல் இருந்தால் போதாது, அது அவர்களுக்குச் சொந்தமாகவே இருக்கக்கூடாது. எறியவும் மனம் வராது. அதனால் எல்லாவற்றையும் ஓர் அலமாரியில் பூட்டி, நாடா ஒட்டி, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். பெருநாள் முடியத் திருப்பி வாங்குவார்கள். றபாய் ஒரு வருசம் தம்பியிடம், நீ வாங்குகிறாயா என்று கேட்டார். இவன் ஓம் என்று சொல்லிவிட்டு, என்ன செய்தான் தெரியுமோ? சிநேகிதனின் வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நிறுத்திவிட்டான், வாங்கின சாமானை ஏற்ற!

றபாய் வானைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சாமான் உன்ரைதான். கொண்டுபோறதெண்டாலும் கொண்டுபோகலாம். இதுவரைக்கும் ஒருத்தரும் கொண்டுபோகேல்லை” என்று சொன்னாராம். அவர் இங்கிலீசில் சொன்னதைத் தம்பி எனக்குச் சொன்ன தமிழில் சொல்கிறேன். பத்திரத்தில் கையெழுத்து வைத்து, அலமாரிப் பூட்டின் திறப்பை வாங்கிக்கொண்டு, வெறும் வானோடு வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அவன்தான் வாங்கினான்.

சில வருசத்துக்கு முன்னால் அவர்களுடைய பெருநாளும் பெரிய வெள்ளி லீவும் ஒன்றாக வந்தன. ஸ்காபரோவில் எங்கள் கட்டிடத்தில் ஒரு தாய், புதிதாக வந்தவள், இரண்டு சின்னப் பிள்ளைகள். எத்தனையாம் மாடி என்று சொல்ல மாட்டேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் என்னோடு கதைத்தபோதுதான் விளங்கியது, வீட்டில் தேயிலையும் சீனியும் தவிர ஒன்றுமில்லை. வரவேண்டிய உதவிக் காசு வரவில்லை. சாப்பாட்டு வங்கி திங்கள் வரைக்கும் பூட்டு. நான் சோறும் பருப்பும் கொண்டுபோனேன். “நாங்கள் சாப்பிட்டிட்டம் அன்ரி” என்று கதவைச் சாத்தினாள். ரோசக்காரி. தம்பியிடம் வந்து சொன்னேன்.

“கடையிலை ஏதும் வாங்கிக்கொண்டு போய்க் குடுத்துப் பாரன்” என்றேன்.

“நான் குடுத்தாலும் வாங்கமாட்டா. அக்கா, அங்கை நிலவறையிலை இல்லாத சனத்துக்கெண்டு சேர்த்த சாமான் எட்டு நாளும் பூட்டிக் கிடக்கு. அதின்ரை சொந்தக்காரன் இப்ப ஆர்?”

“ஆர்?”

“நான்.”

“உது சும்மா பேப்பர் விளையாட்டடா. வேலை போயிடும்.”

“பேப்பரிலை என்ரை பேர் கிடக்கு. மேலை பிள்ளையள் பசியோடை இருக்க, என்ரை சாமானை நான் பூட்டி வைச்சிருந்தா அது என்ரை பாவம்.”

சனிக்கிழமை பின்னேரம் போய், ஒட்டியிருந்த நாடாவை வெட்டி, அலமாரியைத் திறந்து, இரண்டு பெட்டி நிறைய எடுத்து வந்தான். அந்த வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டுப் படிக்கட்டால் ஓடி இறங்கினான். ஐம்பது கடந்த மனிசன், மூச்சு வாங்க வாங்க வந்து, கதவு திறந்து பெட்டி உள்ளே போன சத்தம் கேட்டது என்று சொல்லி என் பக்கத்தில் இருந்து சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை ரோஸ் வெட்டின நாடாவைக் கண்டுவிட்டாள். நிர்வாகத் தலைவர் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார். தம்பியின் மனைவி, என் மச்சாள், அழத் தொடங்கிவிட்டாள். “இருபது வருசமா அந்தக் கட்டிடத்தின்ரை திறப்பு முழுக்க இவரிட்டை. இனிக் கள்ளனெண்டல்லோ சொல்லுவினம்!” அவளுக்கு வேலை போவதைவிட அந்தச் சொல்தான் பயம். எனக்கும் அதுதான் பயம். ஆனால் நான் அழவில்லை. சீலையை மாற்றினேன்.

“எங்கை அக்கா வெளிக்கிடுறியள்?” என்றான் தம்பி.

“உன்னோடைதான்.”

“உங்களுக்கு அங்கை என்ன வேலை?”

“அந்த வீட்டுக் கதையை நான் சொல்லித்தானே நீ திறந்தனி. என்னையும் கேக்கட்டும்.”

நிலவறையில் தலைவர் நின்றார், நெட்டையான மனிசன், சிரிப்புக் குறைவு. ரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு இங்கிலீசு பேச வராது, கேட்க ஓரளவு விளங்கும்.

“அலுமாரியைத் திறந்தது ஆர்?” என்றார் தலைவர்.

“நான்.”

“சாமான் எங்கை?”

“சாப்பாடில்லாத ஒரு வீட்டிலை.”

“ஆர் வீடு? பேரைச் சொல்லும். நாங்கள் விசாரிச்சுப் பாத்திட்டு முடிவெடுக்கிறம்.”

தம்பி மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“பேரைச் சொன்னா விசயம் முடிஞ்சுது. சொல்லாட்டி நான் என்னெண்டு நினைக்கிறது?”

சொல்லிவிடடா, ஒரு பெயர்தானே என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் கையை எடுத்துவிட்டு, தலைவரைப் பார்க்காமல் ரோஸைப் பார்த்துச் சொன்னான்:

“மணியை அடிச்சிட்டு நிக்காமல் வரோணும், பேரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு எனக்குப் பழக்கினது நீங்கள். வேலையை எடுக்கிறதெண்டா எடுங்கோ. பேரைச் சொல்லமாட்டன்.”

ரோஸ் கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்தாள். ஆனால் தலைவர் விடவில்லை. எங்கள் சாமானை எங்களைக் கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். அந்த நேரம்தான் றபாய் படியால் இறங்கி வந்தார்.

“ஆரின்ரை சாமான்?” என்றார் றபாய்.

“எங்கடை சாமான்” என்றார் தலைவர்.

“வடிவா யோசிச்சுச் சொல்லும். எங்கடை எண்டால், நானும் நீரும் இந்தக் கோயிலிலை இருக்கிற அவ்வளவு பேரும் பெருநாளிலை பாணும் மாவும் வைச்சிருந்தனாங்கள். அந்தப் பிழையை நான் எங்கை கொண்டுபோய்க் கழுவிறது?”

தலைவர் வெட்டின நாடாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அவரின்ரை எண்டால், ஒரு மனிசன் தன்ரை சாமானைப் பசிச்ச ஆக்களுக்குக் குடுத்திருக்கிறார். அதைக் கேக்க நாங்கள் ஆர்?” றபாய் தம்பியின் பக்கம் திரும்பினார். “இத்தினை வருசமா நான் வித்துக்கொண்டு வாறன். நான் வித்தது உண்மையான விற்பனைதானோ எண்டு எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நீர்தான் தீர்த்து வைச்சீர்.”

தலைவர் வந்து தம்பியின் கையைப் பிடித்தார். நல்ல மனிசன்தான். திரும்பி வரும்போது காரில் நான்தான் வீடு வரைக்கும் பேசினேன்.

அடுத்த வருசம் பெருநாளுக்கு முன்னால் அலமாரி கொள்ளாமல் சாமான் வந்து நிறைந்தது. உடைக்காத பெட்டிகள், புது மா, நூடில்ஸ். அதற்குள் பத்துக் கிலோ சம்பாவும் மைசூர்ப் பருப்பும்! அந்தக் கோயிலில் அந்த எட்டு நாளும் அரிசியும் பருப்பும்கூட ஆகாதாம்.

“ரோஸ், இஞ்சை ஆர் மைசூர்ப் பருப்பு சாப்பிடுறது?” என்று தம்பி கேட்டானாம்.

“எனக்கென்ன தெரியும்? பெருநாளுக்கு வைச்சிருக்கக்கூடாத சாமான். வாங்கிறவர் வாங்கட்டும்” என்று அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாளாம். அந்த வருசம் தம்பி மறுபடி வான் இரவல் வாங்கினான். இந்த முறை வான் வெறுமையாகத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருசமும் அப்படித் திரும்பவில்லை.

போன ஆண்டு கடைசியில் தம்பிக்கு ஈரலில் வருத்தம் என்றார்கள். மாசி முடிவதற்குள் போய்விட்டான். கடைசிக் கிழமை ரோஸ் ஊன்றுகோலோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து அவன் கால்மாட்டில் இருந்தாள். இரண்டு பேரும் குசினிச் சிங்க் அடைப்பைப் பற்றித்தான் கதைத்தார்கள். சுடலைக் காரியம் நடந்த மறுநாள் றபாய் ஒரு தட்டு அவித்த முட்டையோடு வந்தார். செத்த வீட்டில் முட்டையா என்று மச்சாள் என்னைப் பார்த்தாள். அவர்கள் வழக்கமாம். முட்டைக்கு வாயில்லை, துக்கக்காரருக்கும் சொல்ல வார்த்தையில்லை என்று கருத்தாம். வாங்கி வைத்துக்கொண்டேன். கீழ்வீட்டார் சாப்பிட்டார்கள். கருத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

தம்பியைக் குழந்தையைப் போலப் பார்த்த தாதிமாருக்கும், சமைத்து அனுப்பிய அயலாருக்கும், மார்க்கம் நகரிலிருந்தும் ஒஷாவாவிலிருந்தும் பனிக்குள் வந்து நின்ற சொந்தக்காரருக்கும், தொப்பி போட்டபடி சுடலைக்கு வந்து கடைசி வரைக்கும் நின்ற அந்தக் கோயில் சனத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆரையும் மறந்திருந்தால் அது என் வயதின் பிழை.

ஒரு விசயம் மிச்சம் இருக்கிறது. இன்னும் பத்து நாளில் அவர்களுடைய பெருநாள். போன கிழமை றபாய் வந்து, இனி ஆர் வாங்குவது என்று கேட்டார். விட்பியில் இருக்கிற தம்பியின் மகன் பக்கத்தில் இருந்தான்.

“மாமி, இற்ஸ் ஜஸ்ற் எ போர்மாலிட்டி. அவையள் வேற ஆரையும் பிடிப்பினம். நீங்கள் ஸ்ட்ரெஸ் ஆகாதேங்கோ” என்றான்.

“போர்மாலிட்டி எண்டால் என்னடா?”

“சும்மா பேருக்கு. ரியல் இல்லை.”

“ரியல் இல்லையெண்டால் உன்ரை அப்பா கள்ளன். ரியல் எண்டால் அவன் சொந்தக்காரன். ரெண்டிலை எது, இப்ப சொல்லு.”

பெடியனுக்குக் கண் கலங்கியது. பிறகு, “வான் எத்தினை மணிக்கு வேணும், மாமி?” என்று கேட்டான்.

ஆகவே உற்றார் உறவினர் எல்லாருக்கும் இதன்மூலம் அறியத் தருகிறேன்: இந்த வருசம் வாங்குகிறவள் நான். எழுத வராதே என்றேன். பெருவிரல் போதும் என்றார் றபாய். விரலை வைக்கிற நேரம் தொடக்கம் அந்த அலமாரி எட்டு நாளைக்கு என்னுடையது. பூட்டி வைப்பதற்கு நான் வாங்கவில்லை.