அது என் தறித் துணியா

ராஜபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறேன். அது யார் புண்ணுக்குப் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருஷம் சர்க்கரை முற்றி என் வீட்டுக்காரருக்குக் காலில் புண் வைத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டு மாற்ற வந்தாலே வலிக்குப் பயந்து நர்சம்மாவின் கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் புதுத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“ஏட்டி, இது நீ ஓட்டுன துணியா?”

ஊரில் எம்புட்டோ தறி ஓடுகிறது. எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும், “ஆமாங்க, என் தறித் துணிதான்” என்றேன்.

“அப்பச் சரி, கட்டச் சொல்லு” என்று காலை நீட்டினார்.

அதன்பிறகு தினமும் கேட்பார். நானும் ஆமாம் என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்.

காலை முழங்காலோடு எடுத்தும் புண் ஆறவில்லை. கடைசி நாளில் நினைவு தப்பியிருந்தது. கட்டும்போது அவர் கேட்கவில்லை. நானாகக் காதருகே குனிந்து, “என் துணிதாங்க” என்றேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

இப்போதும் அதே தறியில்தான் நிற்கிறேன். அந்தக் கேள்வி அவரைத்தான் தாங்கியது என்று நினைத்திருந்தேன். என்னையும் அதுதான் தாங்கியிருக்கிறது. இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறேன். முடிச்சுப் போடத்தான் கை எழ மாட்டேன் என்கிறது.