அக்காவின் கைக்கு அளவெடுத்த உறை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொல்லி வெகு நாளாயிற்று. எழுத உட்கார்ந்தால் மனம் நிலைகொள்ளவில்லை. பாதி வரியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன். விட்டு விட்டு எழுதியதை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டயபுரத்தை அடுத்த கரிசல்காட்டு ஊரில், பருத்தியும் கம்பும் விதைத்த குடும்பத்தில் அக்கா பிறந்தார்கள். சிறிய உருவம். வளர்ந்த பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வளையல்தான் அவர்கள் கைக்குச் சரியாக இருக்கும். கோவில்பட்டியில் ரொட்டிக்கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அத்தான் விஷக்காய்ச்சலில் போனதும் கடை மூடப்படும் என்றே எல்லோரும் நினைத்தோம். காரியம் முடிந்த மறுநாள் அக்கா அடுப்பை மூட்டிவிட்டார்கள். திருமணமாகாமல் வீட்டிலிருந்த என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

எங்கள் அடுப்பு செங்கல்லால் கட்டியது. உடைவிறகை உள்ளே எரித்து, கங்குகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ள வேண்டும். வெந்ததும் நீளக் கொக்கியால் வாசல்வரை இழுக்கலாம். அங்கிருந்து கையால்தான் தூக்க வேண்டும். அத்தான் சாக்கை மடித்துப் பிடித்துத் தூக்குவார். அக்காவும் சில வருஷம் அப்படியே செய்தார்கள்.

பிறகு மூட்டுவாதம் வந்தது. காலையில் விரல்கள் வீங்கி மடங்காமல் நிற்கும். வெந்நீரில் கையை வைத்திருப்பார்கள், அதற்குள் பொறுமையில்லாமல் எழுந்து மாவு பிசையப் போவார்கள். இந்த நோய் முழுதாகக் குணமாகாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாக்கை இறுக்கிப் பிடிக்க விரலில் பலமில்லை. ஒரு நாள் தட்டு நழுவி முழங்கையில் சாய்ந்து, தோல் உரிந்தது.

செய்தி கேட்டு அண்ணன் ஊரிலிருந்து வந்தார். வரும்போது மில்லில் கொதிகலன் பார்க்கும் ஒருவரிடமிருந்து தோல் கையுறை வாங்கி வந்தார். ஆண்கள் கைக்குத் தைத்தது. அக்கா மாட்டினால் விரல் நுனியெல்லாம் காலியாகத் தொங்கும். விறைத்த தோலை மடக்க விரல் வலிக்கும். மாட்டிய அன்றே காலி நுனி தட்டின் விளிம்பில் சிக்கி, பன் எல்லாம் தரையில் கொட்டியது. இந்தச் சின்னக் கையை வைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம் என்று அண்ணன் வருத்தப்பட்டார்.

அக்கா தரையில் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டே, "கை சின்னதுன்னு சொல்லாதீங்க அண்ணே. உறை பெருசுன்னு சொல்லுங்க" என்றார்கள்.

அன்றிலிருந்து அவர்களுக்குத் தூக்கமில்லை. கண்ட துணியையெல்லாம் கையில் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு எங்கள் காட்டுப் பருத்தியையே இரண்டு துணிக்கு நடுவில் வைத்து அவர்களே ஓர் உறை தைத்தார்கள். மெத்தென்றிருந்தது. மணிக்கட்டில் நாடா வைத்து என்னைக் கட்டிவிடச் சொன்னார்கள். சில நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒரு காலையில் அடுப்பு வாயில் கங்கு தெறித்து உறையில் விழுந்திருக்கிறது. வெளியே தீ தெரியவில்லை. உள்ளே பருத்தி கனன்றுகொண்டே போயிருக்கிறது. அக்கா கையை என் பக்கம் நீட்டினார்கள்.

"ஏட்டி, இதைக் கழட்டு" என்றார்கள்.

நாடா முடிச்சு அவிழவில்லை. இழுத்தால் வீங்கிய விரல் கணு தடுத்தது. நான் கத்தியை எடுத்து உறையை நீளக் கிழித்தேன். உள்ளங்கை வெந்திருந்தது. அந்த வாடை இப்போதும் சில நேரம் எனக்கு வருகிறது.

இந்தத் தடவை அண்ணன் கோபமாகவே வந்தார். கடையை வாங்க ஆள் பார்த்துவிட்டதாகவும், ஊரில் வந்து தன்னோடு இருக்கும்படியும் சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். அக்கா கட்டுப்போட்ட கையோடு நடந்துகொண்டே பதில் சொன்னார்கள்.

"அங்கன வந்து என்ன செய்வேன் அண்ணே? சும்மா இருக்கச் சொல்லுதீங்க. சும்மா இருந்தா விரல் சுத்தமா மடங்காமப் போயிரும்."

கை ஆறும்வரை தவணை கேட்டார்கள். அந்த நாட்களில் சாக்கு, காக்கி, பருத்தி, கம்பளி என்று துண்டு துண்டாக வெட்டிக் கங்கில் போட்டுப் பார்த்தார்கள். கம்பளி கருகியது, ஆனால் தீ பரவவில்லை. கம்பளி விற்கும் பாயிடம் பழைய பட்டாளத்துக் கம்பளி ஒன்றை வாங்கினார்கள். கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்த புதியம்புத்தூர்க்காரரிடம் கொண்டுபோனோம். அவர் சாயங்காலம் வந்தால் நிதானமாக அளவெடுக்கலாம் என்றார்.

"காலையில வாரேன் அண்ணாச்சி. அப்பதான் கை வீங்கி இருக்கும். சாயங்கால அளவுல தைச்சா விடிஞ்சதும் உள்ளே போகாது" என்றார்கள் அக்கா.

கட்டைவிரலுக்கு ஒரு பை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை. தையல் கணுவில் அழுத்தாதபடி வெளிப்பக்கம் வைக்கச் சொன்னார்கள். முழங்கைவரை நீளம், நாடா கிடையாது, கையை உதறினாலே கழன்று விழும்படி அகன்ற வாய். விரல் நுனியில் இடம் மிஞ்சக் கூடாது. தையற்காரர் இரண்டு முறை பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஈரம் பட்ட உறை கையை ஆவியில் வேகவைத்துவிடும் என்பதால் மாற்றுக்கு இன்னொரு ஜோடியும் தைத்தோம்.

அதைப் போட்டுப் பார்த்த காலையில் அண்ணனும் இருந்தார். அக்கா தட்டை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து ஏந்தி, மேசையில் வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குத் திரும்பினார்கள். எல்லாத் தட்டும் வெளியே வந்த பிறகு அண்ணன் போய், கடையை வாங்க இருந்தவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பின்னும் அக்கா ஓயவில்லை. கடலைமிட்டாய்க்குப் பாகு கிண்டுகிற அம்மா, விடுதியில் சமைக்கிற அம்மா என்று கை வலியோடு இருந்தவர்களைத் தேடிப் போய், அவரவர் கைக்கு உறை தைக்க வைத்தார்கள்.

கடைசியில் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார்கள். மாவு புளித்ததா, விறகு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அக்காவைக் கவனித்த டாக்டருக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், தையற்கார அண்ணாச்சிக்கும், கம்பளி தந்த பாய்க்கும், அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பன் இல்லாமலே டீ விற்றுப் பொறுத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும், காரியத்தில் கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசி நாளில், ஊரில் மழை பெய்ததா என்று அக்கா அவரிடம் கேட்டார்கள். அந்த வருஷம் பயிரெல்லாம் காய்ந்து கிடந்தது. நல்ல மழை, கண்மாய் நிறைந்துவிட்டது என்றார் அண்ணன். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா கையைக் காலை அசைக்காமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தார்கள். அவர்கள் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.