டைகரை நான் கூப்பிட்ட தீபாவளி

கம்பம் ஊருக்குத் தெற்கே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம், வீடும் அதற்குள்ளேயே. பழம் பழுக்கும்போது கிளிகளை விரட்ட அப்பா டின்னைத் தட்டுவார். அதற்கும் மசியாவிட்டால் வெடி போடுவார். அந்தத் திராட்சைப் பந்தலுக்கடியில் குட்டியாக வந்து சேர்ந்த நாய்தான் டைகர். வெடிச் சத்தத்திலேயே வளர்ந்ததுக்கு என்ன பயம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எனக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் இருபது இருக்கும்.

ஒவ்வொரு வெடிக்கும் அது எங்கே போய்ப் பதுங்குகிறது என்று நான் பார்த்ததே இல்லை. அப்பா பார்த்திருக்கிறார். அதனால் தீபாவளிக்கு முந்தின நாளே அதை மோட்டார் ரூமில் விட்டு, தண்ணீரும் படுக்கச் சாக்கும் வைத்து, "ஆத்தா, பட்டாசு ஓயுற வரைக்கும் கதவத் தெறந்துறாத" என்று என்னிடம்தான் சொன்னார்.

மதுரையிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். என் பெருமையைக் கேட்டு மாமா மகன் சிரித்தான். "அப்பறம் எதுக்குப் பூட்டி வச்சிருக்கீக? பயந்தாங்கொள்ளி நாயி!"

எனக்குச் சுருக்கென்றது. நேரே போய்க் கதவைத் திறந்தேன். டைகர் மோட்டாருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. பிஸ்கட்டை நீட்டி, "வாடா டைகரு, நான் இருக்கேன்ல" என்றேன். வயிறு தரையில் உரச, வாசல் வரைக்கும் வந்தது. அது பிஸ்கட்டை வாயில் வாங்கும்போதே, மறு கையிலிருந்த ஊதுபத்தியால் பக்கத்தில் வைத்திருந்த அணுகுண்டு வெடியைப் பற்ற வைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

வெடித்ததும் டைகர் ஒரு சத்தம் போட்டது. நாய் போடுகிற சத்தமே இல்லை அது. பந்தலுக்குள் புகுந்து, கம்பி வேலியில் கிழித்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

அப்பா ஓடி வந்து, கதவைத் திறந்தது யார் என்று கேட்டார். "அம்மா சோறு வச்சிட்டுக் கதவச் சாத்தலப்பா" என்றேன். எப்படித்தான் அவ்வளவு சட்டென்று வந்ததோ, வெட்கங்கெட்ட வாய். மாமா மகனும் மூச்சு விடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, பிறந்த வீட்டுக்காரர்கள் முன்னால் அம்மா ஏச்சை வாங்கிக்கொண்டாள். என் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கி மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, புதுச்சேலையோடு வாய்க்கால் வரைக்கும் டைகரைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் அது தானாகவே வந்தது, விலாவில் காயத்தோடு. என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. அப்பாடா, மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எட்டு வருஷம் எங்களோடு இருந்தது. அம்மா கூப்பிட்டால் ஓடி வரும். நான் கூப்பிட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கும். முதலில் என் ஒரு கையைப் பார்க்கும், அப்புறம் மறு கையைப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் கிட்டே வரும். பிஸ்கட் தேடுது பாரு, தீனிப்பண்டாரம் என்று நான் சிரிப்பேன்.

அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை.