ஸ்பூனுக்குச் செதுக்கிய பிடி

அறுபதுகளின் கடைசி. அமராவதிபுதூரில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடங்கிக்கொண்டது. விரல்கள் கொஞ்சம் அசையும். ஆனால் சோற்றை அள்ள வராது; ஸ்பூன் மாதிரி மெல்லிசான எதுவும் நிற்காமல் நழுவிவிடும். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்வார்.

"எடது கையாலயாவது சாப்புடுங்களேன். இப்புடிக் கெடந்தா என்னத்துக்கு ஆவீக?"

"கால் கழுவுற கையில சோறு திங்கச் சொல்றியா?" பேச்சு குழறினாலும் ரோஷத்துக்குக் குறைவில்லை. நீராகாரம் மட்டும்தான் உள்ளே இறங்கியது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. இப்படியே விட்டால் மனுஷன் பட்டினியாலேயே போய்விடுவார்.

மடங்கிய கைக்குள் அடங்குகிற மாதிரி ஸ்பூனுக்குத் தடித்த மரப்பிடி போட்டால் என்ன? தச்சரைக் கேட்டால், கையில் இருக்கிற வேலை முடியட்டும் என்றார். போய்யா நீயும் உன் வேலையும் என்று காரைக்குடிக்கு பஸ் ஏறினேன். இரும்புக் கடையில் இருந்ததிலேயே நீளமான, பளபளவென்ற எவர்சில்வர் கத்தியை வாங்கி வந்தேன். என்ன புத்தியோ! வீட்டில் கிடந்த பர்மாத் தேக்குத் துண்டில் அது வழுக்கியதே தவிர, ஒரு சீவல் விழவில்லை.

மறுநாள் கடையில் போய்ச் சண்டை பிடித்தேன். "மின்னுனாப் போதுமா? வெட்ட வேணாமா?"

"ஏன் ஆத்தா கத்துறீக? வேணுங்கறத எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர்.

இந்தத் தடவை கையோடு குச்சி கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு கத்தியாகச் சீவிப் பார்த்து, ஆள்காட்டி விரல் நீளத்தில், கைக்கு அடங்கிய கைப்பிடியோடு ஒரு கறுத்த இரும்புக் கத்தியை எடுத்தேன்.

தேக்கையும் தூக்கிப் போட்டுவிட்டு, வேலியில் நின்ற கல்யாண முருங்கையில் ஒரு கிளை வெட்டினேன். மெத்தென்ற மரம். ஆனால் என் கை, விவரம் தெரிந்த நாளிலிருந்து அரிவாள்மனையில் அரிந்த கை. அங்கே வெட்டுவாய் அசையாது, காயைத்தான் அதன்மேல் தள்ளுவோம். அதே பழக்கத்தில் கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு மரத்தை அதன்மேல் தள்ளினேன். சதக்கென்று இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது.

"ஏ பாவி மனுசா, ஒரு வாய் தின்னாத்தான் என்ன?" வலியில் கத்திவிட்டேன். ஐயோ, என்ன சொல்லிவிட்டேன் என்று உள்ளே ஓடிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இப்போது மரம் அசையவில்லை. கத்தியை என்னை விட்டு வெளியே, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக, மெல்லிசு மெல்லிசாகத் தள்ளினேன். இடையிடையே அவர் கைக்குள் வைத்துப் பார்ப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிடி அவர் கைக்குள் சரியாக அடங்கியதும், ஸ்பூன் காம்பை அடுப்பில் காய்ச்சி அதற்குள் இறக்கினேன்.

மத்தியானம் குழைந்த சோற்றைத் தட்டில் வைத்து, ஸ்பூனைக் கையில் செருகிவிட்டு நகர்ந்துகொண்டேன். பாதி சிந்தியது. மீதி வாய்க்குப் போனது. அடுத்த வாயும் போனது.

தட்டு காலியானதும் என்னைப் பார்த்தார். "இன்னங் கொஞ்சம் போடு."

பானையில் சோறு இல்லை. தின்பார் என்று நம்பாமல் ஒரு பிடி அரிசிதான் போட்டிருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.