புளியமரத்தை விட்டுப் போனுக்குள் வந்த பேய்

பேய்ப்படங்களின் வரலாற்றை இங்கே பத்துப் பதிவாக எழுதிய திமிர், என் சிடி கடையிலும் எட்டிப்பார்த்துவிட்டது.

போன வாரம் லப்பைக்குடிகாட்டு அக்கா ஒருவர் வெள்ளைப்புடவைப் பேய்ப்படம் கேட்டார். “அதெல்லாம் பழசுக்கா” என்று, போனில் பேய் பேசும் புதுப்படத்தைக் கொடுத்தேன்.

இன்று சிடியைத் திருப்பித் தர வந்தார்.

“நாலு நாளா போன் அடிக்குது தம்பி, பயத்துல எடுக்கவேயில்ல. துபாய்ல பிள்ளைங்க அத்தா என்ன நெனச்சிருக்காங்களோ.”

“அது வெறும் படம்க்கா.”

“புளியமரத்துப் பேய்னா அந்தப் பக்கம் போவாம இருந்துக்கலாம். இது வூட்டுக்குள்ளல்ல இருக்கு?”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நானே உங்க வீட்டுக்காரருக்குப் பேசி வெளக்குறேங்க்கா” என்றேன். நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு நாளாகப் போனை எடுக்காத மனைவியைப் பற்றி, முகம் தெரியாத ஒரு ஆண் கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், இப்போது எனக்குத்தான் போனைத் தொடப் பயமாக இருக்கிறது.