ஓடை மண்ணில் பிறந்த நீலம்

கண்ணாடிக்காரி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். பாட்டில் தொழிற்சாலையில் பதினொரு வருடம் உலைக்கு முன்னால் வெந்தவள். ஆலை மூடியதும் வீட்டுக் கொல்லையிலேயே சின்ன உலை கட்டிக்கொண்டாள். ஆற்று மணல், விறகுச் சாம்பல், சுட்ட கிளிஞ்சல் மூன்றையும் மண் குடுவையில் போட்டு உருக்குவாள். உணவகங்கள் கழித்துவிடும் எண்ணெய்தான் எரிபொருள். செம்மண் சேர்த்தால் பச்சை வரும். குன்றடியில் பொறுக்கிய கறுப்புக் கல்லைப் பொடித்துப் போட்டால் ஊதா.

"கடைச் சாயம் ஒரு சிட்டிகைகூட இல்ல, எல்லாம் மண்ணு தந்தது" என்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

நீலம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மூன்று வருடமாக எதையெதையோ போட்டுப் பார்த்தாள்.

"வானத்தைக் கரைச்சு ஊத்திப் பாரேன்" என்பான் லாரி ஓட்டும் கணவன்.

ஒரு பெருமழைக்குப் பிறகு, கொல்லைக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையில் கரிய வண்டல் படிந்திருந்தது. ஒரு கைப்பிடி அள்ளிக் கலந்தாள். மறுநாள் காலை, கிண்ணத்தை ஆறவைத்த பெட்டியைத் திறந்தவள் கூவினாள்.

"ஏங்க! ஓடி வாங்க!"

கையைச் சுட்டுக்கொண்டாளோ என்று பற்பசை நுரையோடு ஓடிவந்தவன், வாயைத் திறந்தபடி நின்றான். கண்ணைப் பறிக்கும் நீலம்.

இரண்டு மாதம் நீலக் கிண்ணங்களாகவே செய்தாள். செய்ததெல்லாம் உடனுக்குடன் விற்றுப்போனது. அப்போதுதான் நாத்தனார் வந்தாள். கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளர். கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"அண்ணி, இதுல என்ன போட்டீங்க?"

"ஓடை மண்ணு. ஏன்டி?"

"சும்மா மண்ணுல இவ்வளவு அடர்த்தியா வராதே..."

மண்ணில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கிணற்றுத் தண்ணீரையும் ஒரு புட்டியில் பிடித்தாள். நாலாம் நாள், போன்கூடச் செய்யாமல் நேரில் வந்து நின்றாள்.

"கோபால்ட், அண்ணி. சாயத்துல போடுற உலோகம், உள்ள போனா விஷம். வண்டல் பூரா அதுதான். கிணத்துத் தண்ணியிலயும் இருக்கு."

ஓடைக்கும் கிணற்றுக்கும் இருபதடிகூட இல்லை. எதிரே கணவன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

"கீழ வைங்க!"

அவள் கத்திய கத்தலில் டம்ளர் நழுவி உடைந்தது.

மூவரும் கரையோரமாகவே மேலே நடந்தார்கள். ஓடையை ஒட்டியிருந்த ஒரு சாயப் பட்டறையின் சுற்றுச்சுவருக்கு வெளியே, புதரை விலக்கியதும் ஒரு குழாய். கருநீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

நகராட்சி அதிகாரியின் மேசையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

"அட, அழகா இருக்கே! எங்க வாங்குனீங்க?"

"உங்க ஓடையில அள்ளுனது சார்."

நாத்தனார் பரிசோதனைத் தாளை நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் சிரிப்பு வற்றியது. அந்த வாரமே குழாயை அடைத்தார்கள். தெருவில் ஆறு கிணறுகளை மூடி, தண்ணீர் லாரி விட்டார்கள்.

அதன் பிறகு, கிண்ணம் வாங்கியவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் திருப்பித் தர மறுத்தார்.

"கண்ணாடிக்குள்ள உறைஞ்சது வெளிய வராதுன்னு உன் நாத்தனாரே சொல்லுதே. அலமாரியில இருந்துட்டுப் போகட்டும்."

"மண்ணு தந்ததுன்னு பொய் சொல்லி வித்துட்டேனே ஐயா."

"தெரிஞ்சா சொன்ன?"



கணவனுக்கும் அவளுக்கும் ரத்தம் சோதித்த மருத்துவர், இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றிருக்கிறார். இன்றும் சில காலைகளில் பழக்கதோஷத்தில் வாளியோடு கொல்லைக்குப் போய்விடுகிறாள். கிணற்றை மூடிய சிமெண்ட் பலகையைக் கண்டதும், முதல் தடவை பார்ப்பவளைப் போலத் திகைத்து நிற்கிறாள்.